பொதுப்பள்ளியும் சமயமும்: பென்சில்வேனியா புகட்டும் பாடம்

வீட்டில் தாய் சொல்வதை அவ்வீட்டுப் பிள்ளைகள் கேட்பர்; பாடநூல் சொல்வதை நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பர். ஆதலின் பாடநூலில் தம் சமயத்தின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று சமயப் பற்றுடையோர் விரும்புதல் இயல்பே. இவ்விருப்பம் எவ்வளவில் நன்மை பயக்கும், எவ்வளவில் பிறர்க்கு நெருக்கடியாய் மாறும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய பென்சில்வேனியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1844, 1963, 2005 என மூன்று வேறு காலங்களில் இவ்வினா அங்கே எழுந்து மூன்று வேறு முடிவுகளைக் கண்டது.

எந்த விவிலியம்?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பொதுப்பள்ளிகளை அமைத்தோருள் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுக் கிறித்தவர். விவிலியத்தின் ஒரு பகுதியை விளக்கம் எதுவும் கூறாது வாசித்தால் எப்பிரிவினர்க்கும் தீங்கில்லை என்று அவர்கள் நம்பினர். ஆனால் பள்ளிகளில் வாசிக்கப்பட்டது 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்க்கு உரியதோ டூவே என்னும் வேறொரு மொழிபெயர்ப்பு. திருச்சபையின் விளக்கமின்றி மறைநூலை வாசிப்பதும் அவர்கட்கு உடன்பாடன்று. பெரும்பான்மையினர் பொது என்று கருதியது சிறுபான்மையினர்க்குப் பிறர் சமயமாகவே தோன்றிற்று.

1842இல் பிலடெல்பியா ஆயர் பிரான்சிஸ் கென்ரிக், கத்தோலிக்கப் பிள்ளைகள் தம் மொழிபெயர்ப்பையே வாசிக்க இசைவு வேண்டினார். விவிலியத்தைப் பள்ளியினின்றும் அகற்றுமாறு அவர் கேட்கவில்லை. கேட்டதாக வதந்தி பரவியது. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்பால் முன்னரே இருந்த வெறுப்பும் அதனுடன் சேர்ந்து, 1844 மே, ஜூலைத் திங்களில் பெருங்கலவரமாய் வெடித்தது. புனித மைக்கேல், புனித அகஸ்டின் ஆலயங்கள் எரிக்கப்பட்டன. இருபதின்மர்க்குக் குறையாதோர் மாண்டனர். அதன்பின் கத்தோலிக்கர் தமக்கெனப் பள்ளிகளைப் பெருக்கிக்கொண்டனர். பொதுக்கூடத்தில் மதிப்புடன் அமர இடமில்லாதபோது சிறுபான்மையினர் தனிக்கூடம் நாடுவர் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

பத்து வசனங்கள்

நூறு ஆண்டுகள் கடந்தபின்னும் வழக்கம் மாறவில்லை. பள்ளி தொடங்குகையில் நாள்தோறும் குறைந்தது பத்து விவிலிய வசனங்களை விளக்கமின்றி வாசிக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் விதித்திருந்தது. பிலடெல்பியாவை அடுத்த அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் அவ்வசனங்கள் ஒலிபெருக்கி வழியே வகுப்புதோறும் ஒலித்தன.

1956 நவம்பர் 26ஆம் நாள், எல்லரி ஷெம்ப் என்னும் 16 வயது மாணவன் அவ்வேளையில் திருக்குர்ஆன் பிரதி ஒன்றைத் திறந்து தனக்குள் வாசிக்கலானான். பின்னர் நிகழ்ந்த பிரார்த்தனைக்கும் எழுந்து நிற்க மறுத்தான். தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டான். அவன் முஸ்லிம் அல்லன். யூனிட்டேரியன் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தினன். அரசுப் பள்ளி ஒரு சமயத்தின் மறைக்கு மட்டும் இடம் தருவது முறையா என்னும் வினாவை அம்மௌனச் செயல் எழுப்பியது. நம் திருமறை ஒரு வேற்றுச் சமயச் சிறுவன் கையில் நீதி கேட்கும் கருவியானது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

வழக்கு நடந்துவந்த காலத்தில், 1959இல், பெற்றோர் எழுதிக் கேட்டால் பிள்ளைக்கு விலக்கு அளிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. எல்லரியின் தந்தை அவ்விலக்கை நாடவில்லை. வகுப்பிற்கு வெளியே நிற்கும் பிள்ளை தண்டனை பெற்றவன் போலத் தோன்றுவான், ஆசிரியரோடும் உடன்பயில்வோரோடும் உள்ள உறவு கெடும் என்பன அவர் நீதிமன்றத்தில் கூறிய காரணங்களுட் சில. விலக்கு என்பது வெளியேற வழி தருகிறது. அதே வேளையில் வெளியேறுபவன் யார் என்பதை வகுப்பு முழுமைக்கும் காட்டியும் விடுகிறது.

1963 ஜூன் 17ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, இவ்வாசிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம் கிளார்க் சமயத்தைக் கல்வியிலிருந்து துரத்தவில்லை. சமய வரலாறும், சமயங்களை ஒப்பிட்டு அறிதலும், விவிலியத்தின் இலக்கியச் சிறப்பும் நடுநிலையோடு கற்பிக்கப்படலாம் என்று அவர் தெளிவுபடுத்தினார். சமயத்தைப் பற்றிக் கற்பித்தல் வேறு. சமய வழிபாட்டில் ஈடுபடுத்துதல் வேறு.

நம்பிக்கையும் அறிவியலும்

மூன்றாம் நிகழ்ச்சி டோவர் என்னும் சிற்றூரைச் சார்ந்தது. 2004இல் அவ்வூர்ப் பள்ளி வாரியம், பரிணாமக் கொள்கையில் இடைவெளிகள் உள்ளன என்னும் அறிக்கையை 9ஆம் வகுப்பு உயிரியல் மாணவர்க்கு வாசிக்குமாறு பணித்தது. உயிரினங்கள் அறிவுடைய ஓர் ஆற்றலால் வடிவமைக்கப்பட்டவை என்று கூறும் நூலொன்றையும் அவ்வறிக்கை சுட்டியது. ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தனர். நிர்வாகிகளே வந்து வாசித்தனர். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். படைப்புக் கொள்கையை அறிவியலாகக் கற்பிக்கும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் தள்ளுபடி செய்தபின், அந்நூலின் கைப்படிகளில் ‘படைப்பு’ என்னும் சொல் இருந்த இடங்களில் ‘வடிவமைப்பு’ என்னும் சொல் புகுத்தப்பட்டமை விசாரணையில் வெளிப்பட்டது. 2005 டிசம்பர் 20ஆம் நாள் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அவ்வேற்பாட்டைத் தடை செய்தார்.

நம்மிற் பலர்க்கு இத்தீர்ப்பு உவப்பாக இராது. ஆதிமனிதரின் படைப்புப் பற்றி நமக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் ஊரின் பெரும்பான்மையினர் தம் நம்பிக்கையை அறிவியல் என்று பெயரிட்டுப் பாடத்துள் நுழைக்கலாம் எனில், அடுத்த ஊரில் மற்றொரு சமயத்தாரும் அதனையே செய்வர். அங்கே சிறுபான்மையராய் அமர்ந்திருப்பவர் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் இப்பூசல் இன்னும் ஓயவில்லை. விவிலியக் கதைகள் இடம்பெறும் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றுக்கு டெக்சாஸ் மாநிலக் கல்வி வாரியம் 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. பள்ளிகள் அதனை ஏற்பது கட்டாயமன்று. ஏற்கும் பள்ளிகட்கு ஊக்கத்தொகை உண்டு.

நமக்குரிய அளவுகோல்

நம் நாட்டு அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமயப் போதனையை விலக்குகிறது. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெறும் பிற நிலையங்களில், மாணவர் தாமும், சிறுவராயின் அவர்தம் பெற்றோரும் இசைந்தாலன்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. சமயங்களைப் பற்றிய கல்வியை இப்பிரிவு தடுக்காது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் கூறியது. கிளார்க் வகுத்த வேறுபாடே இங்கும் அடிப்படையாதல் காண்க.

முகலாய அரசவைகள் பற்றிய இயல் 12ஆம் வகுப்பு வரலாற்று நூலினின்றும் நீக்கப்பட்டு 2023இல் புது நூல் வந்தபோது, பாடச்சுமையைக் குறைத்தலே காரணம் என்றது என்.சி.இ.ஆர்.டி. நாம் வருந்தினோம்; அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் நம் முறையீடு வலிமை பெற வேண்டுமாயின், பிறரிடம் கேட்கும் நடுநிலை நம்மிடமும் இருத்தல் வேண்டும். 30ஆம் பிரிவு தந்த உரிமையால் நிறுவப்பெற்ற சிறுபான்மைக் கல்வி நிலையங்களில் பிற சமய மாணவரும் பயில்கின்றனர். முஸ்லிம் மாணவர்க்கு மார்க்கக் கல்வி நடைபெறும் வேளையில் அவர்கட்கு நல்லொழுக்கப் பாடம் நடத்தும் வழக்கம் நல்வழக்கம். அவ்வகுப்பு பெயரளவில் நின்றுவிடாமலும், அம்மாணவர் வெளியே நிறுத்தப்பட்டவராய்த் தம்மை எண்ணாமலும் காத்தல் நம் கடமை. வற்புறுத்தலை ஏற்காத மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இது சட்டத்தின் கட்டளை மட்டுமன்று.

பாடம் எழுதுவோரும் நடத்துவோரும் தம் வகுப்பில் வேற்றுச் சமயப் பிள்ளை ஒன்று கடைசி வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுக, நடத்துக. அப்பிள்ளை தலைநிமிர்ந்து கேட்கத்தக்கதாயின் அப்பாடம் அனைவர்க்கும் பொதுவான பாடமாகும்.