எக்ஸி ஃபைலை விக்கிறதுக்கு முன்னாடி: எந்த எடிஷன், எந்த லைசென்ஸ்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "ஃப்ரீ எடிஷன்ல சாஃப்ட்வேர் பண்ணி காசுக்கு விக்கலாமா?" இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் கிடையாது. நான் மாட்டிக்கிட்ட கதையிலிருந்தே சொல்றேன்.

எனக்கு ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க மாமா பால்கோவா கடை வச்சிருக்காரு. காலையில எத்தனை லிட்டர் பால் வந்துச்சு, எத்தனை கிலோ இறக்கினோம், எந்தப் பெட்டி என்னைக்குப் போட்டதுன்னு கணக்கு வைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பைத்தான்ல எழுதி, ஸ்க்ரீனுக்கு பைக்யூடி போட்டு, பைஇன்ஸ்டாலர் வச்சு ஒரே எக்ஸி ஃபைலா கட்டிட்டேன். பக்கத்துல இன்னும் ரெண்டு கடைக்கும் காசுக்குக் கொடுத்தேன். சந்தோஷமாத்தான் போச்சு.

அப்புறம் எங்க ஊர் ஸ்பின்னிங் மில் ஒண்ணுல கூப்பிட்டாங்க. நூல் கோன் எடையைப் பதிவு பண்ண ஒரு புரோகிராம் வேணுமாம். எல்லாம் பேசி முடிச்சதும் மேனேஜர் கேட்டாரு: "தம்பி, இதுல போட்டிருக்கிற டூல் எல்லாம் எந்த லைசென்ஸ்?" எனக்குப் பதில் தெரியலை. வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் முதல் தடவையா லைசென்ஸ் பக்கங்களை ஒழுங்கா படிச்சேன்.

பைஇன்ஸ்டாலர்ல பிரச்சனை இல்லை. அது ஜிபிஎல்தான், ஆனா அதை வச்சுக் கட்டுற எக்ஸியை நீங்க எப்படி வேணா விக்கலாம்னு தனியா விலக்கு கொடுத்திருக்காங்க. சிக்கல் பைக்யூடில. அதுக்கு ரெண்டே வழி: ஜிபிஎல், இல்லைன்னா காசு கட்டி வாங்குற கமர்ஷியல் லைசென்ஸ். ஜிபிஎல்னா காசு வாங்கக் கூடாதுன்னு அர்த்தமில்லை. மும்பையில உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல்லதான் இருக்கு, அதை வச்சு ஒரு கம்பெனியே நடக்குது. ஆனா யார்கிட்ட எக்ஸி கொடுக்கறீங்களோ, அவங்களுக்கு சோர்ஸ் கோடும் அதே உரிமையோட கிடைக்கணும். நான் மூணு கடைக்கும் வெறும் எக்ஸிதான் கொடுத்திருந்தேன். அதாவது, நான்தான் விதியை மீறியிருந்தேன்.

மாமாகிட்ட சொன்னேன். "இதுல என்னடா இருக்கு, காசு கொடுத்து வாங்கியாச்சுல்ல?"ன்னாரு. நான் அவர் பாஷையிலயே சொன்னேன்: "மாமா, 2019-ல நம்ம ஊர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுதுல்ல? வெளியூர்க்காரர் நம்ம பால்கோவாவைக் காசு கொடுத்து வாங்கித் திங்கலாம். தான் கிண்டினதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னு பேர் ஒட்ட முடியுமா?" அவருக்குச் சட்டுனு புரிஞ்சிருச்சு. பொருள் கையில இருக்கிறது வேற, அதை வச்சு என்ன செய்யலாம்ங்கிற உரிமை வேற.

நான் பைசைடுக்கு மாறினேன். அதுவும் அதே க்யூடிதான், ஆனா எல்ஜிபிஎல்ல கிடைக்குது. என் கோடை மூடி வச்சுக்கலாம். பதிலுக்கு, க்யூடி ஃபைல்களைப் பயனர் மாத்திப் போட வழி இருக்கணும், லைசென்ஸ் நகலும் கூடவே போகணும். அதனால ஒரே எக்ஸியா அடைக்காம ஃபோல்டராவே கொடுத்தேன். பெரும்பாலும் இம்போர்ட் வரிகளும் சில பேர்களும்தான் மாறுச்சு. ரெண்டு சாயங்கால வேலை. மூணு கடையிலயும் பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டேன்.

மில் வேலைக்கு விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி எடிஷன் போதும்னு நினைச்சிருந்தேன். தனிநபர் தன் சொந்த புரோகிராமை அதுல பண்ணி விக்கலாம், தப்பில்லை. ஆனா 250 கம்ப்யூட்டருக்கு மேல, அல்லது வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல வருமானம் இருக்கிற நிறுவனத்தோட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ, சில விதிவிலக்கு தவிர, அதுக்காக அந்த எடிஷனைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நூற்பு மில்லுக்கு அந்த வருமானம் பெரிய விஷயமே இல்லை. அதனால புரொஃபஷனல் எடிஷன் செலவையும் கொட்டேஷன்ல சேர்த்துக் கேட்டேன். மேனேஜர் மறுபேச்சு பேசாம ஒத்துக்கிட்டாரு.

ஒவ்வொரு டூலுக்கும் கோடு வேற. டெல்ஃபை கம்யூனிட்டி எடிஷனுக்கு வருமான வரம்பு வெறும் 5,000 டாலர். மேட்லேப்ல தனியா ஓடுற புரோகிராம் கட்ட கம்பைலர்னு இன்னொரு பொருள் வாங்கணும். வாங்குறவங்க ரன்டைமை இலவசமா போட்டுக்கலாம். ஆனா ஸ்டூடண்ட் லைசென்ஸை வச்சு வியாபாரம் பண்ண முடியாது.

அதனால முதல் வரி கோடு எழுதறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க. இந்த எடிஷனை நான் பயன்படுத்தலாமா, எனக்கு வேலை கொடுக்கிறவங்களோட அளவு அதை மாத்துமா? கட்டின புரோகிராமை மத்தவங்களுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தா கூடவே என்னென்ன கொடுக்கணும்? விதிகள் அப்பப்ப மாறும், அதனால நீங்க கட்டுற அன்னைக்கு இருக்கிற லைசென்ஸ் பக்கத்தைச் சேமிச்சு புராஜெக்ட் ஃபோல்டர்லயே வைங்க.

மில் ஆர்டர் கிடைச்சுது. இப்ப யாராவது "எந்த லைசென்ஸ் தம்பி?"ன்னு கேட்டா, அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டிடறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.