79 கிலோ மிட்டாய்!

நோயில் இளைத்துப்போன துணைவருக்கு ஒரு சிற்பி செய்த உருவம்

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பெரிய கலைக்கூடம் ஒன்று இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களும் சிலைகளும் அங்கே உண்டு. எதையும் தொடக்கூடாது. கொஞ்சம் கிட்டே போனாலே காவலர், "தள்ளி நில்லுங்கள்" என்பார்.

அதே கட்டிடத்தில் வேடிக்கையான சிற்பம் ஒன்றைக் காட்சிக்கு வைப்பார்கள். அறையின் மூலையில் மிட்டாய் குவிந்து கிடக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பளபளக்கும் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய மிட்டாய். நம்மூர்ப் பெட்டிக்கடை ஜாடியில் இருக்குமே, அதைப் போன்ற கடை மிட்டாய்தான். கூடை கூடையாகக் கொண்டுவந்து சுவரோரமாகக் கொட்டியது போல் இருக்கும்.

அதைத் தொடலாம். ஒன்றை எடுக்கலாம். பிரித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். காவலர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! பெரியவர்கள்தான் தயங்குவார்கள். பக்கத்தில் உள்ள பலகையைப் படிப்பார்கள். படித்த பிறகு சிலர் எடுத்த மிட்டாயைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

காரணம், அந்தக் குவியல் ஒரு மனிதரின் உருவம். அவர் பெயர் ராஸ். 1991-ம் ஆண்டில் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனவர்.

கடைச் சாமான் சிற்பம் ஆகுமா?

"இது என்ன கூத்து? கல்லைச் செதுக்கினால் சிற்பம். உலோகத்தை வார்த்தால் சிற்பம். மிட்டாயைக் கொட்டி வைத்தால் சிற்பமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

இந்தச் சண்டை மேல்நாட்டில் நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. ஆரம்பித்து வைத்தவர் பிரெஞ்சுக்காரரான மார்செல் டுஷாம். 1917-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பொருள் என்ன தெரியுமா? கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்த் தொட்டி! அதில் ஒரு பொய்ப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு அனுப்பினார். கண்காட்சிக்காரர்கள் அதை வைக்க மறுத்துவிட்டார்கள். ஆனால், கடையில் கிடைக்கும் ஆயத்தப் பொருளையே எடுத்து, இடம் மாற்றி வைத்து, புதுப் பொருள் சொல்ல வைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது.

டுஷாம் செய்தது பெரும்பாலும் குறும்பு. பின்னால் வந்த சிலர் அதே வழியில் தங்கள் துக்கத்தைச் சொன்னார்கள். மிட்டாய்ச் சிற்பி அப்படிப்பட்டவர்.

கியூபாவில் பிறந்தவர்

அவர் பெயர் பெலிக்ஸ் கொன்சாலஸ் தோரஸ். கியூபா நாட்டில் 1957-ல் பிறந்தார். 13 வயதில், 1971-ல், பெற்றோர் அவரையும் அவர் சகோதரியையும் ஸ்பெயின் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு போர்ட்டோரிக்கோ தீவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1979-ல் நியூயார்க் வந்து புகைப்படக்கலை படித்தார்.

அங்கே 1983-ல் ராஸ் லேகாக் என்பவரைச் சந்தித்தார். ராஸ் கனடா நாட்டுக்காரர். இருவரும் ஆண்கள். இருவரும் காதலர்கள். இப்படிப்பட்ட உறவைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அமெரிக்காவிலும் அன்று ஏராளம். ஆனாலும் எட்டு ஆண்டுகள், ராஸ் கண்ணை மூடும் வரை, அந்த உறவு அறுபடவில்லை.

தொடுவதற்கே பயம்!

எய்ட்ஸ் என்ற நோய் 1981-ல்தான் டாக்டர்கள் கவனத்துக்கு வந்தது. ஒரு கிருமி இரத்தத்தில் புகுந்து, உடம்பைக் காவல் காக்கும் வெள்ளை அணுக்களை அழிக்கிறது. காவல் போன வீட்டில் திருடர்கள் நுழைவதைப் போல, காசநோய், நுரையீரல் காய்ச்சல், வாய்ப்புண் என்று ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் நுழைகின்றன. சாப்பாடு இறங்காது. ஆள் இளைத்துக்கொண்டே போவார். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு மக்கள் இதற்கு 'ஒல்லி நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. இதை டாக்டர்கள் சொன்னார்கள். ஜனங்கள் நம்பவில்லை.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ரையன் ஒயிட் என்று ஒரு பையன். இரத்தம் உறையாத வியாதிக்காக அவனுக்கு ஏற்றிய மருந்தின் வழியாக இந்தக் கிருமி வந்துவிட்டது. 1985-ல் பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்க மறுத்தார்கள். வயது 13! வழக்குப் போட்டு உள்ளே போனான். பல பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். 1990-ல் அவன் இறந்தான்.

(இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது சென்னையில்தான். ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இரத்தம் சேகரித்துச் சோதித்தார்கள். நம் ஊரிலும் அன்று இதே பயந்தான்.)

இந்தக் காலத்தில்தான் ராஸ் படுத்தார்.

இரண்டு கடிகாரங்கள்

ராஸுக்கு நோய் வந்த பிறகு, பெலிக்ஸ் சாதாரணச் சுவர்க் கடிகாரங்கள் இரண்டை எடுத்தார். ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் மாட்டுவார்களே, அந்த மாதிரி வட்டக் கடிகாரம். இரண்டையும் ஒன்றை ஒன்று தொடும்படி சுவரில் மாட்டினார். இரண்டிலும் ஒரே மணி, ஒரே நிமிஷம், ஒரே வினாடி வைத்தார். அவ்வளவுதான்! 'குறையில்லாத காதலர்கள்' என்று பெயர்.

முதல் நாள் இரண்டு முள்ளும் சேர்ந்து நகரும். நாளாக ஆக, ஒன்று ஒரு வினாடி பிந்தும். பிறகு இரண்டு வினாடி. ஏதோ ஒன்றில் பாட்டரி முதலில் தீரும். அது நிற்கும். மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டில் நீண்ட நாள் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நின்ற கடிகாரத்துக்கு வேறு பாட்டரி போட்டு, இரண்டையும் மறுபடி ஒரே மணிக்குத் திருப்பி வைக்கலாம் என்றும் ஏற்பாடு செய்திருந்தார். கடிகாரத்துக்கு அது முடியும்.

175 பவுண்டு

1991-ம் ஆண்டு ஜனவரியில் ராஸ் இறந்தார். மூன்று வாரங்கள் கழித்து பெலிக்ஸின் தகப்பனாரும் இறந்தார். தாயார் இரத்தப் புற்றுநோயால் 1986-லேயே போய்விட்டார்.

ராஸின் கடைசி ஆசை ஒன்றை பெலிக்ஸ் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தம் சாம்பலை நூறு சிறிய மஞ்சள் உறைகளில் பிரித்துப் போட வேண்டும் என்பதே அது.

அதே ஆண்டில்தான் பெலிக்ஸ் மிட்டாயைக் கொட்டினார். அந்தச் சிற்பத்தின் பெயர் 'லாஸ் ஏஞ்சல்ஸில் ராஸின் உருவம்'. எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் குறித்தார்: 175 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 79 கிலோ. நோய் வருவதற்கு முன், நல்ல உடம்போடு இருந்த ராஸின் எடை இது என்று சொல்லப்படுகிறது.

நம் கோவில்களில் துலாபாரம் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் பிள்ளையை உட்கார வைத்து, மறு தட்டில் அதன் எடைக்கு எடை வெல்லமோ கற்கண்டோ வைப்பார்கள். இங்கே ஒரு தட்டில் ஆள் இல்லை. மறு தட்டு மட்டும் இருக்கிறது.

காலையில் 79 கிலோ. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து போனால் 78. நாளுக்கு நாள் குவியல் சரியும். மூலையில் உயரமாக நின்றது, தரையோடு தரையாகப் படரும். இளைத்துப்போன மனிதர் நம் கண் முன்னால் மறுபடி இளைக்கிறார். கல்லில் செதுக்கிய சிலை இளைக்குமா? வெண்கலம் இளைக்குமா? இளைப்பைக் காட்ட, எடுக்க எடுக்கக் குறையும் பொருள்தான் வேண்டும். மிட்டாயைக் கொட்டியது விளையாட்டல்ல என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளியின் டம்ளரைத் தொடுவதற்கே ஜனங்கள் பயந்த காலம் அது. அந்தக் காலத்தில் இவர், "இதோ என் ராஸ். எடுத்துக்கொள்ளுங்கள், வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இனிப்பாக இருக்கும்" என்று சொல்வது போல் வைத்திருக்கிறார். எடுத்தவர்கள் அத்தனை பேரும், தெரிந்தோ தெரியாமலோ, அவரைத் தொட்டுவிட்டார்கள்.

ஆனால் தின்றவர்கள்தான் அவரைக் குறைத்தவர்களும். நாலு பேர் எடுத்தால் நாம் ஒன்று எடுப்பதில் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். அப்படியே அவர் தேய்ந்து போகிறார். இது அன்பா, அநியாயமா? சிற்பி பதில் எழுதி வைக்கவில்லை.

குவியல் குறைந்தால் மறுபடி நிரப்பலாம். எப்போது நிரப்புவது, எவ்வளவு நிரப்புவது என்பதைக் காட்சிக்கு வைப்பவர்கள் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார். ஆகவே ராஸ் ஓர் ஊரில் மெலிந்திருப்பார். இன்னோர் ஊரில் நிறைந்திருப்பார்.

இப்படித் தேய்ந்து மறையும் பொருளை ஏன் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, ராஸை இழக்கப் போகிறோம் என்ற பயத்துக்குத் தாம் ஒத்திகை பார்த்ததாகப் பேட்டியில் பதில் சொன்னார். உங்கள் ரசிகர்கள் யார் என்று கேட்டபோது, ராஸ் என்றார். மற்ற ஜனங்கள் கூட வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தானாம்!

தகப்பனாருக்கும் மிட்டாய்

அதே ஆண்டில் தகப்பனாருக்கும் ஓர் உருவம் செய்தார். அது முழுக்க வெள்ளை மிட்டாய். அதற்கும் 175 பவுண்டுதான். இன்னொரு குவியல் 355 பவுண்டு. சுமார் 161 கிலோ. அது ராஸும் தாமும் சேர்ந்த எடை.

பாசிமணித் திரைகளும் செய்தார். வாசலில் தொங்கவிடும் பிளாஸ்டிக் மணிச் சரங்கள். ஒன்றுக்கு 'இரத்தம்' என்று பெயர். சிவப்பு மணியும் நிறமற்ற மணியும் கலந்தது. இன்னொன்றுக்குப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சையின் பெயர். அடுத்த அறைக்குப் போக வேண்டுமானால் அந்தத் திரையை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மணிகள் சலசலவென்று தோளில் படும், முகத்தில் படும்.

1992-ல் செய்தது சிற்பம் அல்ல. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சினிமா, சோப்பு விளம்பரங்கள் இருக்கும் பெரிய தெருப் பலகைகளில், நியூயார்க் நகரில் 24 இடங்களில் ஒரே படம் வைத்தார்கள். இருவர் படுக்கும் கட்டில். வெள்ளை விரிப்பு. இரண்டு தலையணை. இரண்டிலும் தலை வைத்து எழுந்த பள்ளம். ஆள் இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் என்ன விளம்பரம் என்று புரியாமல் பார்த்திருப்பார்கள். புரிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

தாமும் போனார்

பெலிக்ஸுக்கும் அதே நோய் இருந்தது. 1996 ஜனவரி 9-ந் தேதி மியாமி நகரில் காலமானார். வயது 38.

அந்த 1996-ல்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் புதிய சிகிச்சை பரவலாக வந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இளைத்தவர்கள் எடை கூடினார்கள்! இன்று முறையாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நீண்ட காலம் வாழ முடிகிறது. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் கொடுத்த ஆஸ்பத்திரிகளில் சென்னையை அடுத்த தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று.

பெலிக்ஸ் இருந்திருந்தால், அந்த மருந்துகள் கிடைத்திருக்குமோ என்னவோ! சில மாதங்களில் தப்பிப் போயிற்று.

பலகையில் காணாமல் போனவர்

2022-ல் சிகாகோவில் ஒரு தகராறு. மிட்டாய்க் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த பலகையை மாற்றி எழுதியிருந்தார்கள். எடை இருந்தது. மிட்டாய் எடுப்பதைப் பற்றியும் இருந்தது. ராஸ் எய்ட்ஸ் நோயால் இறந்த விவரம் இல்லை! பார்க்க வந்த ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பலரும் கோபித்தார்கள். பார்ப்பவர்கள் தங்கள் மனதுக்குத் தோன்றியபடி பொருள் கொள்ளட்டும் என்று நினைப்பவர்கள் கலை உலகில் உண்டு. 175 பவுண்டு சாதாரணமாக ஓர் ஆணின் எடைதானே என்பார்கள் அவர்கள். பெலிக்ஸே தம் சிற்பங்களுக்கு ஒரே பொருள் சொல்லி முடித்துவிட விரும்பாதவர். அதுவும் நியாயந்தான்.

ஆனால் ஒருவர் எதனால் இறந்தார் என்பதையே வெளியில் சொல்லக் கூசிய காலத்தில் செய்த சிற்பம் இது. அதன் பக்கத்திலேயே அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? கடிதம் எழுதியவர் பக்கந்தான் எனக்குப் பேசத் தோன்றுகிறது.

கலைக்கூடத்தார் பலகையை மறுபடி மாற்றினார்கள். ராஸும் அவருடைய நோயும் திரும்ப இடம் பெற்றன.

மிட்டாய் குறைந்தால் புதிதாக வாங்கி வருகிறார்கள். அதே மூலையில் கொட்டுகிறார்கள்.