தன்னைத்தானே நகைக்கும் வீரநாயகன்

1993 ஆம் ஆண்டு வெளியான 'லாஸ்ட் அக்சன் ஹீரோ' என்னும் ஹொலிவூட் படத்தை விமர்சகர் பலர் தோல்வியுற்ற சண்டைப்படமாகவே கணித்தனர். மிகைப்பாடு மலிந்தது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. அம்மிகைப்பாடே படத்தின் பொருள் என்பதை அவர்கள் நோக்கவில்லை.

'டை ஹார்ட்' (1988) மூலம் இவ்வகைமைக்கு வலுவூட்டிய ஜோன் மக்ரியேர்னனே இதன் நெறியாளர். மாயச் சீட்டொன்றுடன் திரையினுள் புகும் சிறுவன், அங்கு எல்லாத் தொலைபேசி இலக்கங்களும் 555 எனத் தொடங்குவதைச் சுட்டி, நாயகன் வாழ்வது புனைவுலகே என நிறுவ முயல்கிறான். பின்னர் நியூயோர்க்கிற்கு வரும் நாயகன், அங்கு குண்டு பட்டால் உண்மையாகவே காயமுறுகிறான். தன்னை நடிக்கும் ஆர்னோல்ட் சுவார்ஸ்னேகரைச் சந்தித்து, நீ எனக்குத் தந்தது வேதனையே எனக் கடிகிறான். பண்டம் தன்னை ஆக்கியவனை விசாரிக்கும் கணம் இது. வில்லன் கண்டறிவதோ இன்னும் கடுமையானது: நகரத் தெருவில் ஒருவனைக் கொன்று உரத்து அறிவித்தும் எவரும் வரவில்லை. நீதி தவறாது வெல்வது திரையில் மட்டுமே என்பதை இக்காட்சி அம்பலப்படுத்துகிறது.

எனின், படம் ஏன் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது? கோடைகாலச் சந்தையில் அது வழமையான சண்டைப்படமாகவே விற்கப்பட்டது. எள்ளிய பொருளையே விளம்பரம் வாக்களித்தது. தமிழில் 'தமிழ்ப் படம்' (2010) நாயக வழிபாட்டை வெளியே நின்று எள்ளியது. நகைச்சுவைப் படமென்றே அறிமுகமானதால் குழப்பம் எழவில்லை. இங்கோ உச்ச நட்சத்திரமே தன் பிம்பத்தைக் கலைக்கிறார்.

எனினும், இவ்வெள்ளலுக்கும் நுழைவுச்சீட்டு விற்றது அதே முதலாளித்துவத் திரைத்தொழிலே. இவ்வெல்லையை மறவாது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்திய நாயகர்களைக் கண்டு வளர்ந்த நாம் இப்படத்தை மீண்டும் பார்த்தல் பயன்தரும்.