பிந்திய துக்கம்

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் துக்கம் தனியொருவரின் சுமையாக இருப்பதில்லை. பந்தல் இடுபவர் ஒருவர். உறவினருக்குச் சொல்லச் செல்பவர் இன்னொருவர். அடுப்பு எரியாத அவ்வீட்டிற்கு அயலவர் சோறு சமைத்துக் கொண்டுவருவர். உடலை நீராட்டி, வாய்க்கரிசி இட்டு வழியனுப்பிய பின்னர், எட்டாம் நாள் எட்டுச்செலவு. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம். இறந்தவர் இனி வரமாட்டார் என்பதை மனம் ஒரே நாளில் ஏற்பதில்லை. சிறிது சிறிதாக அதனை ஏற்கச் செய்யும் படிகளே இவை.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது இப்படிகள் இடிந்தன. அவ்வாண்டு ஜூன் 28ஆந் திகதி அது முற்றாக நீக்கப்பட்டதாயினும், 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் முடங்கியது. கொவிட் நோயால் இறந்தவரின் உடல் மூடிய பெட்டியில் சுடலைக்குச் சென்றது. பிற காரணங்களால் இறந்தோர் வீட்டிலும் கூடக்கூடியவர் தொகை மட்டுப்படுத்தப்பட்டது. நோயாளர் வண்டியில் ஏறிக் கையசைத்துச் சென்ற தந்தையை அதன்பின் காணாத பிள்ளைக்கு, மரணம் வெறுமொரு தொலைபேசிச் செய்தியாகவே நின்றுவிட்டது.

இவ்வகைத் துயரை ஆராய்ந்தவருள் அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் குறிப்பிடத்தக்கவர். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அவர், முடிவு தெளியாத இழப்பு ஏனைய இழப்புகளினும் வேறானது என்று காட்டினார். வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை. கொவிட் மரணம் அதனோடு முற்றாக ஒத்ததன்று. மரணச் சான்றிதழ் கையில் உண்டு. ஆனால் முகம் காணாத கண்ணுக்குச் சான்றிதழ் போதுவதில்லை.

முஸ்லிம் மக்களின் துயர் இதனினும் கொடிது. உடலைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி எரித்தலைக் கட்டாயமாக்கிற்று. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு மண்ணில் அடக்குவது அவர்களுக்குக் கடமை; எரிப்பது அவர்கள் சமயத்திற்கு ஒவ்வாதது. பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்றின் உடல் எரிக்கப்பட்ட பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். செய்ய இயலாத கிரியைக்கு அத்துணியே ஈடாயிற்று. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அதற்குள் சாம்பலானவை சாம்பலானவையே.

இழப்பு ஒருபுறமிருக்க, முடக்கம் என்று முடியுமென்பதும் தெரியாதிருந்தது. நீண்ட நாளைப் பற்றி நிச்சயம் இல்லாதபோது குறுகிய நாளையேனும் ஒழுங்குபடுத்துவது மனத்திற்கு ஊன்றுகோலாகும். விழிக்கும் நேரம், உண்ணும் நேரம், உறவினருடன் தொலைபேசியிற் பேசும் நேரம் எனச் சிலவற்றை மாறாது வைத்துக்கொள்வது சிறு காரியமாகத் தோன்றலாம். துக்கத்தில் இருப்பவருக்கு அது சிறிதன்று. வீட்டுப் பிள்ளைகளிடம் மரணத்தை மறைப்பதோ, "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பதோ தவறு. பிள்ளை காத்திருக்கத் தொடங்கிவிடும்.

திரையிற் கண்ட இறுதிச் சடங்கு சடங்காகுமா என்று சிலர் ஐயுற்றனர். யாழ்ப்பாணத்தவருக்கு அது புதிதன்று. போர்க்காலத்திலேயே செத்தவீட்டு வீடியோ நாடாக்கள் கடல் கடந்து சென்றன. கனடாவில் இருந்த மகன் தாயின் முகத்தை அதிலேதான் கண்டான். அவன் அழுத அழுகை பிந்தியதேயன்றிப் பொய்யன்று. அவ்வாறே அந்தியேட்டியைத் தவறவிட்டோர் ஆட்டைத் திவசத்திலேனும் உறவினரைக் கூட்டி, இறந்தவருக்குப் பிடித்த உணவைப் படைத்து, அவரைப் பற்றிப் பேசலாம். அன்று பந்தலிட வரமுடியாத அயலவரையும் அழைப்பது நன்று. அவர்களுக்கும் அழவேண்டிய கடன் ஒன்று எஞ்சியிருக்கிறது.