பரணில் தூங்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இன்னும் வேலை செய்யுமா? பதில் சொல்லும் 100 வருடப் பழைய சமன்பாடு!

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா இரண்டாம் அலை. ‘ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே கிடைக்கும்?’ என்ற கேள்விதான் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டே இருந்தது. சிலிண்டர் கிடைக்காதவர்கள் கான்சென்ட்ரேட்டரைத் தேடினார்கள். சின்ன சூட்கேஸ் சைஸ், கரண்ட் இருந்தால் போதும், ரீஃபில் தேவையில்லை. வீட்டுக்கு ஒன்று, அபார்ட்மென்ட்டுக்கு ஒன்று என்று பலரும் வாங்கி வைத்தார்கள். மருத்துவமனைகளுக்கோ இதே தொழில்நுட்பத்தில் ஓடும் பெரிய பி.எஸ்.ஏ பிளான்ட்கள் வந்தன. பி.எம் கேர்ஸ் நிதியில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட பிளான்ட்களுக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது.

அலை ஓய்ந்தது. வீட்டு மெஷின்களில் பல பரணுக்கோ கட்டிலுக்கு அடியிலோ போய்விட்டன. ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டோம். ஆனால், அந்த அவசரம் வரும்போது அது வேலை செய்யுமா? ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடும், டியூபில் காற்றும் வரும். அந்தக் காற்றில் போதுமான ஆக்சிஜன் இருக்குமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், வாயுக்கள் திடப்பொருளின் மேல் எப்படி ஒட்டுகின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோன ‘பரப்பு கவர்தல்’ பாடம்தான். பயப்பட வேண்டாம், எளிமையாகவே பார்க்கலாம்.

இந்த மெஷின் ஆக்சிஜனைத் தயாரிக்கிறதா?

இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78% நைட்ரஜன், 21% ஆக்சிஜன், 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் இருக்கிறது. கான்சென்ட்ரேட்டர் இந்தக் காற்றை இழுத்து, நைட்ரஜனைத் தனியே பிடித்துவைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறது. நைட்ரஜன் போய்விட்டால் மீதி பெரும்பாலும் ஆக்சிஜன்தான். இப்படி வருவதில் பொதுவாக 90 முதல் 96% வரை ஆக்சிஜன் இருக்கும்.

ஏன் 100% வருவதில்லை? ஆர்கான்தான் காரணம். மெஷினுக்குள் இருக்கும் பொருள் ஆர்கானையும் ஆக்சிஜனையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடத்துகிறது. 21 பங்கு ஆக்சிஜனோடு ஒரு பங்கு ஆர்கானும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அதனால்தான் 96 சதவீதத்தைத் தாண்ட முடிவதில்லை.

நைட்ரஜனைப் பிடிப்பது யார்?

ஜியோலைட் என்ற சின்னச் சின்ன மணிகள். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கூண்டு போன்ற படிகம் இது. இயற்கையில் கிடைக்கும் ஜியோலைட்டுக்கு 1756-ல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு கனிமவியலாளர் கிரோன்ஸ்டெட். அந்தக் கல்லைச் சூடாக்கியபோது நீராவி பொங்கி வந்ததாம். அதனால் கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். இந்த நீராவி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஜியோலைட்டுக்கு ‘மூலக்கூறு சல்லடை’ என்றும் பெயர் உண்டு. அதைக் கேட்டு, பெரிய மூலக்கூறு மாட்டிக்கொள்ளும், சின்னது நழுவிவிடும் என்று நினைக்கத் தோன்றும். கான்சென்ட்ரேட்டரில் நடப்பது அதுவல்ல. நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே சைஸ், இரண்டுமே கூண்டுக்குள் போகும். ஆனால் கூண்டின் சுவர்களில் சோடியம், லித்தியம் போன்ற நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. நைட்ரஜன் மூலக்கூறில் மின்னூட்டம் பரவியிருக்கும் விதத்தால், இந்த அயனிகள் ஆக்சிஜனைவிட நைட்ரஜனைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கின்றன. அந்தக் ‘கொஞ்சம் கூடுதல்’தான் மொத்த மெஷினின் ரகசியம்.

உறிஞ்சுவதும் ஒட்டுவதும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஸ்பாஞ்ச் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். கண்ணாடி மேல் தூசி படிவதுபோல, மூலக்கூறுகள் பரப்பின் மேல் மட்டும் ஒட்டுவது பரப்பு கவர்தல். ஒட்டுவது பரப்பில்தான் என்பதால், பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு லாபம். அதனால்தான் உள்ளுக்குள் முழுக்க நுண்துளைகள் கொண்ட பொருட்களைத் தேடுகிறார்கள். வாட்டர் பியூரிஃபையரில் இருக்கும் கொட்டாங்குச்சிக் கரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பதப்படுத்திய கரி ஒரு கிராமில் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒரு டஜன் பேட்மின்டன் கோர்ட்டை ஒரு டீஸ்பூனுக்குள் மடித்து வைத்த மாதிரி!

ஒட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. வேதிப் பிணைப்பு போட்டு கெட்டியாகப் பிடிப்பது ஒன்று, லேசான ஈர்ப்பில் தொட்டுக்கொண்டு நிற்பது இன்னொன்று. ஜியோலைட் மேல் நைட்ரஜன் இரண்டாவது வகை. சுலபமாக ஒட்டும், சுலபமாக விட்டுவிடும். விட்டால்தானே அதே மணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும்?

எவ்வளவு ஒட்டும்? பைக் பார்க்கிங் கணக்கு

இங்கேதான் இர்விங் லாங்மியூர் வருகிறார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில், பல்புக்குள் இருக்கும் வாயு சூடான டங்ஸ்டன் இழையோடு என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் பரப்புகளில் வாயுக்கள் ஒட்டுவதை அளந்து, 1918-ல் ஒரு சமன்பாட்டை விளக்கினார். பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் ஐடியாவை ஒரு பைக் பார்க்கிங்காக நினைத்துக்கொள்ளுங்கள். 100 இடம் இருக்கிறது. ஒரு இடத்தில் ஒரு பைக்தான், மேலே அடுக்க முடியாது. எல்லா இடமும் ஒரே மாதிரி. பக்கத்து பைக் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வெளியே டிராஃபிக் கூடினால் உள்ளே வருபவர்கள் கூடுவார்கள், ஆனால் காலி இடம் இருந்தால்தான் நிறுத்த முடியும். இன்னொரு பக்கம், நிறுத்தியவர்களும் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். வருபவர்களும் போகிறவர்களும் சமமாகும்போது எத்தனை இடம் நிரம்பியிருக்கும்?

டிராஃபிக் என்பது வாயுவின் அழுத்தம். அதை ‘அ’ என்று வைப்போம். பரப்பின் ஒட்டும் பலம் ‘ஒ’. லாங்மியூரின் விடை இதுதான்:

நிரம்பிய பங்கு = (ஒ × அ) ÷ (1 + ஒ × அ)

உதாரணத்துக்கு ‘ஒ’ 1 என்று வைத்துப் பாருங்கள்.

- அழுத்தம் 1 என்றால், 50% இடம் நிரம்பும்.
- அழுத்தம் 2 என்றால், 67%.
- அழுத்தம் 3 என்றால், 75%.
- அழுத்தம் 9 என்றால், 90%.

முதலில் வேகமாக நிரம்புகிறது. போகப் போக, எவ்வளவு அழுத்தினாலும் கொஞ்சம்தான் கூடுகிறது. வெப்பநிலையை மாற்றாமல் இதைப் படமாக வரைந்தால் கிடைப்பதுதான் ‘ஐசோதெர்ம்’, அதாவது சமவெப்பநிலைக் கோடு.

இந்தக் கோட்டில்தான் மெஷின் ஓடுகிறது

அழுத்தம் 3-லிருந்து 1-க்கு இறங்கினால் என்ன ஆகும்? மேலே உள்ள கணக்குப்படி 75% நிரம்பியிருந்த இடம் 50% ஆகிறது. 25% இடத்திலிருந்த நைட்ரஜன் தானாக வெளியேறிவிடும். சூடு பண்ண வேண்டாம், கெமிக்கல் ஊற்ற வேண்டாம், அழுத்தத்தைக் குறைத்தாலே போதும்.

கான்சென்ட்ரேட்டரில் பொதுவாக இரண்டு ஜியோலைட் உருளைகள் இருக்கும். கம்ப்ரசர் ஒன்றுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும்போது அங்கே நைட்ரஜன் ஒட்டும், ஆக்சிஜன் முன்னால் போகும். அதே நேரத்தில் இன்னொன்றில் அழுத்தத்தை விடுவிப்பார்கள், அங்கே ஒட்டியிருந்த நைட்ரஜன் வெளியேறும். சில விநாடிகளில் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். மெஷினிலிருந்து சில விநாடிக்கு ஒருமுறை ‘புஸ்ஸ்’ என்று வருவது நைட்ரஜன் கிளம்பும் சத்தம். இப்படி அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிக்கும் முறைக்குத்தான் பிரஷர் ஸ்விங் அட்சார்ப்ஷன், சுருக்கமாக பி.எஸ்.ஏ என்று பெயர். எஸ்ஸோ நிறுவனத்தில் இருந்த சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் இந்த இரண்டு உருளை முறைக்கு 1960-ல் காப்புரிமை பெற்றார்.

அறை ரொம்பச் சூடாக இருந்தால் மெஷின் திணறுவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. ஒட்டும்போது வெப்பம் வெளிப்படும். அதனால் சூடு ஏறினால் ‘ஒ’ குறையும், நைட்ரஜன் சரியாக ஒட்டாது. அதை சுவரோடு ஒட்டி, காற்றோட்டம் இல்லாமல் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனாலும்தான்.

நிஜம் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

இருக்காது. நிஜப் பரப்பில் சில இடம் விஐபி பார்க்கிங், சில இடம் மேடு பள்ளம். கரி போன்ற ஒழுங்கற்ற பரப்புகளுக்கு, அளந்த எண்களோடு பொருந்தும் வேறு ஒரு சூத்திரத்தை ஃபிராய்ண்ட்லிக் கொடுத்தார். ஆனால் அதில் ‘ஹவுஸ் ஃபுல்’ என்ற நிலையே கிடையாது. அழுத்தம் கூடக் கூட ஒட்டிக்கொண்டே போகும் என்று சொல்லும். அதனால் நடுத்தர அழுத்தம் வரைதான் அதை நம்பலாம்.

ஒருவர் மேல் ஒருவராக அடுக்கினால்? 1938-ல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் அதற்குக் கணக்குப் போட்டார்கள். பெயர்களின் முதல் எழுத்தை வைத்து அது ‘பி.இ.டி’ மாடல். இந்த டெல்லர்தான் பின்னாளில் ‘ஹைட்ரஜன் குண்டின் தந்தை’ என்று அழைக்கப்பட்டவர். மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனை ஒட்டவைத்து ஒரு பொடியின் பரப்பை அளக்க இன்றும் ஆய்வகங்களில் இதுதான் வழி. மிக நுண்ணிய துளைகளில் மட்டும் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, பரணில் இருக்கும் மெஷினுக்கு என்ன ஆச்சு?

இப்போது ‘கொதிக்கும் கல்’லுக்குத் திரும்பலாம். ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிட ரொம்பப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு: நீராவி. அதன் ‘ஒ’ பல மடங்கு அதிகம்.

இரண்டு வாயுக்கள் ஒரே பார்க்கிங்குக்குப் போட்டி போட்டால் லாங்மியூர் கணக்கு எப்படி மாறும்? நைட்ரஜனின் ‘ஒ × அ’ 2 என்று வைப்போம். தனியாக இருந்தால் 67% இடம் அதற்கு. இப்போது ‘ஒ × அ’ 20 ஆக இருக்கும் நீராவி உள்ளே வருகிறது. நீராவிக்கு 87%, நைட்ரஜனுக்கு வெறும் 9%! இது ஒரு மாதிரிக் கணக்குதான், ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறது. சென்னை மாதிரி கடலோர ஊரில் புழுக்கமான நாளில் காற்றில் 2 முதல் 3% நீராவி இருக்கும். அளவு குறைவுதான், ஆனால் ஒட்டும் பலம் அதிகம் என்பதால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதைவிடச் சிக்கல், நீராவி கிளம்பாது. அழுத்தத்தைக் குறைத்தால் நைட்ரஜன் போய்விடும், தண்ணீர் அசையாது. அதை விரட்ட ஜியோலைட்டை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்த வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. மெஷின் ஓடும்போது ஈரத்தைத் தடுக்க ஏற்பாடுகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும்போது வால்வு, சீல் வழியாக ஈரக்காற்று மெல்ல மெல்ல உள்ளே போகலாம். அப்போது கம்ப்ரசர் பழையபடி உறுமும், காற்றும் பழையபடி வரும், ஆனால் அதில் நைட்ரஜனும் கலந்திருக்கும். மூச்சுத் திணறும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்னை. பெரிய பி.எஸ்.ஏ பிளான்ட்டுக்கும் விதி இதேதான். நிறுவினால் மட்டும் போதாது, ஓட்ட வேண்டும், உலர்ந்த காற்று போகிறதா என்று பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

- மெஷினை ‘இருக்கட்டும்’ என்று மூடி வைக்காமல், மேனுவலில் சொன்ன இடைவெளியில் ஓட்டுங்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.
- டியூபில் காற்று வருவது ஆதாரம் ஆகாது. ஆக்சிஜன் அனலைசர் வைத்துத் தூய்மையை அளக்கச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உங்கள் உடலைத்தான் அளக்கும், மெஷினை அல்ல.
- அளக்கும்போது முழு ஃப்ளோவில், அதாவது 5 லிட்டர் மெஷின் என்றால் 5-ல் வைத்துப் பாருங்கள். 1 லிட்டரில் நல்ல எண் காட்டும் பழுதான மெஷின், 5-ல் மாட்டிக்கொள்ளும்.
- உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி தூய்மை 82 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் மெஷினில் அதற்கான அலாரம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
- செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு நாள் சும்மா கிடந்தது என்றும் கேளுங்கள்.
- எவ்வளவு ஆக்சிஜன், எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து என்ன?

2025-ன் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கிடைத்தது. காரணம், உலோக-கரிமச் சட்டகங்கள் எனப்படும் புதுவகை நுண்துளைப் பொருட்கள். இவற்றில் சில ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டரைத் தாண்டுகின்றன, ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானம். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கவும் இவற்றைச் சோதிக்கிறார்கள். அங்கேயும் முதலில் கேட்கும் கேள்விகள் லாங்மியூர் காலத்துக் கேள்விகள்தான்: எது ஒட்டுகிறது, எவ்வளவு ஒட்டுகிறது, திரும்ப விடுகிறதா?

உங்கள் பரணில் இருக்கும் மெஷினைப் பற்றியும் இந்த மூன்றையே கேட்க வேண்டும். அவசரம் வருவதற்கு முன்னால், இந்த வார இறுதியிலேயே கேட்டுவிடுவது நல்லது.