மின்னூட்டத்தால் உருமாறும் படிகம்

வெப்பத்தின் உதவியே இல்லாமல், மின்சாரத்தைக் கொண்டு மட்டும் ஒரு படிகத்தின் உள்ளமைப்பை மாற்ற முடியும் என்கிறார்களே, இது மெய்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மெய்தான், ஆனால் அதைச் சுற்றி எழுந்துள்ள ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் அதன் அழகு புலப்படும்.

வஸ்துவின் பெயர் மாலிப்டினம் டைடெல்லுரைடு. நடுவே மாலிப்டினம், மேலும் கீழும் டெல்லூரியம் என மூன்று அணுத்தளங்கள் சேர்ந்த, ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள ஒற்றைத் தகடு அது. டெல்லூரியத் தளங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைந்திருந்தால் குறைகடத்தி. ஒரு தளம் சற்றே நழுவி, மாலிப்டினம் அணுக்களும் இடம் பெயர்ந்துகொண்டால், அதே தகடு உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தும்.



அணுக்கள் ஏன் நழுவ வேண்டும் என்பதில்தான் ரஸம் இருக்கிறது. குறைகடத்தி நிலையில் கீழ்ச்சக்திப் படிகள் யாவும் நிரம்பியிருப்பதால், புதிதாக வரும் ஒவ்வோர் எலெக்ட்ரானும் சுமார் ஓர் எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளியைத் தாண்டி மேலே ஏறியாக வேண்டும். உலோக நிலையில் அந்த ஏற்றம் இல்லை; ஆனால் அந்த அமைப்புக்கு மாறுவதற்கே தனியாகச் சக்தி செலவாகும். கூடத்தில் இலை போட இடமில்லாத கல்யாண வீட்டில் பத்துப் பேர் கூடுதலாக வந்தால் மாடிக்கு அனுப்பிவிடலாம். சாம்பார் வாளியோடு படியேறும் பரிசாரகர்களின் சிரமம், வாசலில் பந்தல் போடும் செலவைவிடக் குறைவுதான். நூறு பேர் வந்துவிட்டாலோ, பந்தல் போட்டு எல்லோரையும் தரையிலேயே உட்காரவைப்பதுதான் லாபம். விருந்தாளிகள் புறப்பட்டவுடனே பந்தலைப் பிரிப்பாரும் இல்லை, பிரிப்பதற்கும் கூலி உண்டு. அவ்வாறே எலெக்ட்ரான்களைத் திரும்ப வெளியேற்றினாலும், படிகம் போன வழியிலேயே திரும்பாமல், சற்றுப் பிந்தியே பழைய உருவை அடைகிறது. இந்தப் பந்தற்செலவு மாலிப்டினம் டைசல்பைடில் அரை எலெக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேல். டெல்லுரைடிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று 2014-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதனால்தான் பரிசோதனைக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2017-இல் பெர்க்லியில் அது நிகழ்ந்தது. ஒற்றை அடுக்கின்மீது அயனித் திரவத்தைப் பரப்பி, மின்னழுத்தத்தால் சதுர சென்டிமீட்டருக்குக் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவில் எலெக்ட்ரான்களை ஏற்றியபோது, அமைப்பு மாறியது. அழுத்தத்தைத் திருப்பியபோது மீண்டது. தடித்த படிகத்தில் இந்த மின்னூட்டம் மேற்பரப்போடு நின்றுவிடும். ஒற்றை அடுக்கிலோ முழுப் பொருளுமே மேற்பரப்பு.

இதைக் கொண்டு நாளையே புதுவகை நினைவகங்கள் கடைக்கு வந்துவிடும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. திரவத்துக்குள் அயனிகள் நகரும் வேகம் கணினிக்குப் போதாது; திரவமில்லாமல் அத்தனை எலெக்ட்ரான்களை ஏற்றுவதோ, வழக்கமான திண்ம மின்காப்பு அடுக்குகளின் சக்திக்கு அப்பாற்பட்டது.