பழைய எம்ஜிபி காரும் ஒரு ரேடியோ ஓட்டையும்: செலவு வேற, மதிப்பு வேற!

ஒரு பொருளுக்கு நாம செலவு பண்ற ஒவ்வொரு ரூபாயும் அதோட மதிப்பைக் கூட்டும்னு பலர் நினைக்கிறாங்க. சில செலவு மதிப்பைக் குறைச்சிடும். பிரிட்டனோட பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி இதுக்கு நல்ல உதாரணம்.

அன்னிக்கு என்ன இருந்துச்சு?

1962-ல் எம்ஜிபி வந்தப்போ, ரேடியோ கார் விலையில் சேராது. ஹீட்டருக்கே தனிக் காசுன்னா பாத்துக்கோங்க! ரேடியோ வாங்காதவங்களுக்கு டேஷ்போர்டு நடுவில் அந்த இடத்தை ஒரு தகடு மூடியிருக்கும். வாங்கினவங்களுக்கு ரேடியோமொபைல் மாதிரி ஒரு செட்: ரெண்டு பக்கமும் குமிழ், நடுவில் அலைவரிசை காட்டும் முள். அதுக்குக் கீழே, கியர் லிவருக்கு முன்னாடி, ஒரே ஒரு ஸ்பீக்கர். ஸ்டீரியோ எல்லாம் கிடையாது.

இன்னிக்கு வாங்குறவர் என்ன பண்ணலாம்?

1. புது செட் மாட்டலாம். இன்றைய செட்டோட முகப்பு அளவு 180 x 50 மில்லிமீட்டர். அதுக்காக டேஷ்போர்டு இரும்பை வெட்டணும், ஸ்பீக்கருக்கு கதவையும் வெட்டணும். வெட்டினா வெட்டினதுதான்.

2. பழைய முகப்பை வச்சுக்கிட்டு உள்ளே மட்டும் மாத்தலாம். குமிழ் அதே குமிழ். உள்ளே எஃப்எம், ப்ளூடூத். பாக்க பழசு, கேக்க புதுசு.

3. எதையும் தொடாம, புது செட்டை மறைவா வைக்கலாம். நாளைக்குக் கழட்டிடலாம்.

எதைச் செஞ்சாலும் ஒண்ணு கவனிங்க. 1967 வரை வந்த எம்ஜிபியில் பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியோட இணைஞ்சிருக்கும். இன்றைய செட்டுக்கு நெகட்டிவ் வேணும். பாக்காம மாட்டினா செட் புகைஞ்சிடும்.

இப்போ கணக்கு

ஒரு பேச்சுக்கு, முதல் வழியில் 400 பவுண்டு செலவுன்னு வைங்க. விக்கும்போது, வாங்க வர்றவர் ஒரிஜினல் டேஷ்போர்டுதான் வேணும்கிறார். பழையபடி ஆக்க 700 பவுண்டு ஆகும்னு விலையில் கழிச்சுக்கிறார். மொத்தம் 1,100 பவுண்டு போச்சு! 400 பவுண்டோட நிக்கலை பாருங்க.

இன்னொரு விஷயம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கான காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. சந்தோஷம்தான். ஆனா நஷ்டம் வந்தா அதையும் வேற லாபத்தில் கழிக்க முடியாது. அந்த 1,100 முழுக்க உங்க பாக்கெட்லேர்ந்துதான்.

நாம எடுத்துக்க வேண்டியது

பாட்டு கேக்குறது தப்பில்லை. ரசிச்சு அனுபவிக்கத்தான் சம்பாதிக்கிறோம். ஆனா கார், வீடு, எதை மாத்துறதுக்கு முன்னாடியும் "எவ்வளவு ஆகும்?"னு மட்டும் கேக்காதீங்க. "பிடிக்கலைன்னா பழையபடி ஆக்க எவ்வளவு ஆகும்?"னும் கேளுங்க. ரெண்டையும் கூட்டினாதான் உண்மையான விலை. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!